ஒரு மலைச்சரிவும் ஒன்பது நூற்றாண்டுகளும்

திறந்த ஒயின் புட்டிக்கு ஆயுள் குறைவு. தக்கையை உருவிய கணத்திலிருந்தே காற்று தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முதலில் மணம் மலர்கிறது, பிறகு மங்குகிறது, ஓரிரு நாட்களில் எஞ்சுவது புளிப்பேறிய வெறும் திரவம். சிவப்பு ஒயினுக்காவது திராட்சைத் தோலிலிருந்து இறங்கிய துவர்ப்பு ஓரளவு காவலாக நிற்கும். வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் காவலும் இல்லை. வாங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள், திறந்த ஓரிரு நாளுக்குள் அருந்தி முடிக்கவேண்டியவை அவை.

பிரான்சின் லுவார் நதிக்கரையில் விளையும் ஒரு வெள்ளை ஒயினைச் செய்பவர்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். அருந்துவதற்கு ஒரு நாள் முன்பே திறந்துவிடுங்கள், அதிகம் குளிரவைக்காதீர்கள், ஒரே அமர்வில் தீர்க்காமல் நாளுக்கொரு கோப்பையாக அருந்திப் பாருங்கள் என்கிறார்கள். முதல் நாள் இறுகிக் கிடக்கும் ஒயின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் தன்னைக் காட்டும் என்பது அவர்கள் அனுபவம். திறக்கப்படாமல் நிலவறையின் குளிர்ச்சியில் கிடந்தால், நல்ல ஆண்டின் அறுவடை இருபது முப்பது ஆண்டுகள்கூடத் தாங்கும்.

அந்த ஒயினின் பெயர் கூலே த செரான். அதன் பின்னால் இருப்பது ஏழு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழப் பதினேழு ஏக்கர் நிலம் மட்டுமே. துறவிகளும் அரசர்களும் வேதியியலும் ஒரு மறைஞானியும் அந்த நிலத்தின்மீது அடுத்தடுத்து உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். ஒரு நிலத்தின் சிறப்புக்கு யார் காரணம் என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாக எழுப்பும் வேறொரு தோட்டத்தை நான் வாசித்ததில்லை.

*

மேற்குப் பிரான்சில் ஆன்ஜே நகரத்துக்குத் தென்மேற்கே, லுவாரின் வடகரையில் இருக்கிறது சவெனியேர் என்ற சிற்றூர். நதியை நோக்கி இறங்கும் குன்றுகளுக்கு இடையே குறுகலான பள்ளங்கள் வெட்டிச் செல்கின்றன. கூலே என்ற பிரெஞ்சுச் சொல் வழிந்தோடுவதைக் குறிப்பது. தோட்டத்தின் பெயரிலேயே அந்தப் பள்ளம் இருக்கிறது. சரிவின் மேல்மண் மெல்லியது. அதன் கீழே தகடு தகடாகப் பிளவுபடும் ஷிஸ்ட் பாறை. கொடியின் வேர் நீரைத் தேடிப் பாறை இடுக்குகளில் இறங்கியாகவேண்டும். சில பகுதிகளில் சரிவு மிகச் செங்குத்தானது என்பதால் டிராக்டரைவிடக் குதிரையே அங்கு உழவுக்கு ஏற்றது.

இங்கு விளைவது ஷெனான் ப்ளான் என்னும் ஒரே திராட்சை வகை. நன்றாகக் கனிந்த பிறகும் புளிப்பை இழக்காத வகை இது. ஒயின் நீண்ட நாள் வாழ்வதற்கான முதல் காரணம் இந்தப் புளிப்புதான். அமிலம் மிகுந்த ஒயினில் கெடுக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் வளர்வதில்லை, ஆக்சிஜனேற்றமும் மெதுவாகவே நடக்கிறது. இரண்டாவது காரணம் விளைச்சலின் குறைவு. இங்கு ஹெக்டேருக்கு 20 முதல் 25 ஹெக்டோலிட்டர் வரைதான் கிடைக்கிறது. சாதாரணத் தோட்டங்கள் இதைப் போல இரண்டு, மூன்று மடங்கு எடுக்கின்றன. மூன்றாவது காரணம் பறிக்கும் முறை. ஒரே நாளில் தோட்டத்தை வழித்தெடுக்காமல், மூன்று நான்கு வாரங்களில் பலமுறை சுற்றிவந்து, அந்தந்த நாளில் கனிந்த குலைகளை மட்டும் கையால் கொய்கிறார்கள். இப்படிச் செறிவேறிய சாறு ஒயினாகிப் புட்டியில் அடைபட்டபின் இளமையின் பழவாசனையை மெல்ல இழக்கிறது. தேன்மெழுகு, உலர்ந்த பூ, அக்ரூட் பருப்பு ஆகியவற்றை நினைவூட்டும் வாசனைகள் அந்த இடத்தில் வந்து அமர்கின்றன. நிறம் வைக்கோலிலிருந்து பொன்னுக்கு மாறுகிறது.

கூர்னோன்ஸ்கி என்ற புனைபெயரில் எழுதிய பிரெஞ்சு உணவு விமர்சகர், 1927இல் 'சுவைஞர்களின் இளவரசர்' என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர், பிரான்சின் ஐந்து மகத்தான வெள்ளை ஒயின்கள் என்று ஒரு பட்டியல் இட்டார். மோன்ராஷே, இக்கெம், ஷாத்தோ கிரியே, ஷாத்தோ ஷலோன் ஆகியவற்றோடு கூலே த செரானும் அதில் இடம்பெற்றது. அவர் 1872இல் பிறந்தது ஆன்ஜே நகரத்தில். சொந்த ஊர்ப் பாசம் பட்டியலில் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பட்டியல் நிலைத்துவிட்டது.

*

தோட்டத்தின் தொடக்கம் 1130 என்று சொல்லப்படுகிறது. சிஸ்டெர்சியன் துறவிகள் இந்தச் சரிவில் முதல் கொடிகளை நட்டார்கள் என்பதும், அன்றுமுதல் இங்கு திராட்சை தவிர வேறு பயிர் விளைந்ததில்லை என்பதும் தோட்டத்தின் மரபு. சிஸ்டெர்சியன் சபை அப்போது இளம் சபை. 1098இல் பர்கண்டியின் சித்தோ என்ற இடத்தில், பழைய மடங்களின் செல்வச் செழிப்பை வெறுத்து விலகியவர்கள் தொடங்கியது. உழைப்பும் வழிபாடே என்பது அவர்கள் நெறி. காடு திருத்தி, சதுப்பு வடித்து, யாரும் விரும்பாத நிலங்களை விளைநிலங்கள் ஆக்கினார்கள். பர்கண்டியின் புகழ்பெற்ற சில தோட்டங்களுக்கும் அவர்களே தந்தையர்.

ஆனால் இங்கே ஒரு சிறு திருத்தம் வேண்டும். இச்சபையின் நிலங்களில் கடும் உழைப்பின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் 'உடன்பிறப்புகள்' என்று அழைக்கப்பட்ட துணைத் துறவிகள். பெரும்பாலும் எழுத்தறியாத உழவர் குடிகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தாடி வளர்த்திருந்தார்கள். கோவிலில் பாடல்குழுத் துறவிகளோடு சேர்ந்து அமரும் உரிமை அவர்களுக்கு இல்லை, மடாலயத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. 'துறவிகள் நட்டார்கள்' என்று நாம் எழுதும் வாக்கியத்துக்குள் மண்வெட்டி பிடித்த இந்தக் கைகள் மறைந்து கிடக்கின்றன. கட்டுரையின் முடிவில் இவர்களிடம் திரும்ப வரவேண்டியிருக்கிறது.

கொடிகள் நடப்பட்ட காலத்தில் ஆன்ஜு நாட்டின் பிரபுவாக இருந்தவர் ஜெஃப்ரி பிளாண்டாஜெனெட். அவருடைய மகன் இரண்டாம் ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். ஆகவே இந்த நதிக்கரை ஆங்கில அரச குடும்பத்தின் பூர்வீக மண். ஹென்றியின் மகன் ஜான், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பிரெஞ்சு அரசர் பிலிப் அகஸ்டஸிடம் இழந்தார். மீட்பதற்காக 1214இல் படையுடன் வந்திறங்கி, ஜூன் மாதம் ஆன்ஜே நகரத்துக்குள் நுழைந்தார். அவர் வழியில் இடறிய கல் இந்தத் தோட்டத்தை ஒட்டிய குன்றின்மேல் இருந்த கோட்டை. ஆன்ஜுவின் ஆளுநர் கியோம் தெ ரோஷ் கட்டியது. அதன் பெயர் ரோஷ் ஓ முவான், 'துறவிகளின் பாறை'.

ஜூன் 19 அன்று முற்றுகை தொடங்கியது. இரண்டு வாரங்கள் கோட்டை தாக்குப்பிடித்தது. பிலிப்பின் மகன் இளவரசர் லூயி சிறிய படையுடன் நெருங்கி வந்தபோது, ஜானுடன் இருந்த புவாத்து நாட்டுப் பிரபுக்கள் களத்தில் நின்று போரிட மறுத்தார்கள். ஜூலை 2 அன்று முற்றுகைக் கருவிகளையும் கூடாரங்களையும் போட்டுவிட்டு ஜான் லுவாரைக் கடந்து பின்வாங்கினார். அதே மாதம் 27ஆம் தேதி, வடக்கே பூவின் என்ற இடத்தில் அவருடைய கூட்டணிப் படைகளைப் பிலிப் முறியடித்தார். தோற்று, கருவூலம் வற்றி நாடு திரும்பிய அரசரைப் பிரபுக்கள் மறு ஆண்டே மடக்கினார்கள். 1215 ஜூனில் மாக்னா கார்ட்டா பிறந்தது.

வரலாற்று நூல்களில் பூவின் பெரும் அத்தியாயம், ரோஷ் ஓ முவான் ஓர் அடிக்குறிப்பு. ஆனால் அரசாட்சிக்கு எல்லை வகுத்த அந்த ஆவணத்துக்குச் செல்லும் பாதை இந்தத் திராட்சைச் சரிவின் ஓரமாகவும் சென்றிருக்கிறது. கோட்டை இன்று சிதைவு. தோட்டம் இருக்கிறது.

பின்னர் வந்த அரசர்களைப் பற்றியும் கதைகள் உண்டு. பதினோராம் லூயி இந்த ஒயினைப் 'பொன் துளி' என்றாராம். பதினான்காம் லூயி பார்க்க வந்து, வண்டி சேற்றில் சிக்கித் திரும்பினாராம். இவை விருந்தினருக்குச் சொல்லப்படும் கதைகள், அந்த அளவில் ரசிக்கலாம்.

*

தொன்மை பற்றிய பெருமிதத்தில் ஓர் உண்மையை மறக்கக் கூடாது. மாறாமல் தொடர்ந்தது இடம் மட்டுமே. கொடிகள் மாறியிருக்கின்றன. திராட்சைக் கொடி நூறு ஆண்டு வாழ்ந்தாலே அதிசயம். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஃபிலோக்ஸெரா என்னும் வேர்ப்பேன் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியபின், அந்நாட்டின் கொடிகள் அநேகமாக முழுவதும் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மறுபடியும் நடப்பட்டவை.

சுவையும் மாறியிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் லுவார் வழியே ஆன்ஜுவின் இனிப்பு வெள்ளை ஒயின்களை வாங்கிச் சென்றார்கள். சவெனியேரின் ஒயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் இனிப்பு சார்ந்ததாகவே இருந்தது. இனிப்பற்ற, வறண்ட ஒயினாக அது அறியப்பட்டது அதற்குப் பின்னரே. நாம் புவிசார் குறியீடு என்கிறோமே, அதன் மூத்த வடிவமான பிரெஞ்சுப் பெயருரிமைச் சட்டம் 1952இல் சவெனியேரைத் தனி ஒயினாக அங்கீகரித்தது. கூலே த செரான் 2011இல் சவெனியேரிலிருந்து பிரிந்து தனிப் பெயருரிமையே பெற்றது. அதன் உரிமையாளர் ஒரே குடும்பம். ஒரு குடும்பத்தின் ஏழு ஹெக்டேருக்கு ஒரு தனிச் சட்டம் என்பது பிரான்சிலேயே அபூர்வம்.

*

அந்தக் குடும்பம் 1962இல் இந்தத் தோட்டத்தை வாங்கியது. ஜோலி தம்பதியரில் நிலத்தைப் பேணியவர் மனைவி தெனீஸ். மகன் நிக்கோலா ஜோலி 1945இல் பிறந்தவர், அமெரிக்காவின் கொலம்பியாவில் வணிக மேலாண்மை படித்தவர், நியூயார்க்கிலும் லண்டனிலும் வங்கியில் பணியாற்றியவர். 1977இல் வேலையை விட்டுத் தாயின் நிலத்துக்குத் திரும்பினார்.

பின்னர் நடந்ததை ஜோலி பலமுறை சொல்லியிருக்கிறார். வேளாண் ஆலோசகர் ஒருவர் வந்தார். உங்கள் தாயார் நன்றாகத்தான் செய்தார், ஆனால் எல்லாம் பழைய முறை, களைக்கொல்லி தெளித்தால் கூலிச் செலவு மிச்சமாகும் என்றார். வங்கியில் கணக்குப் பார்த்துப் பழகிய மகனுக்கு அது நியாயமாகப் பட்டது. தெளித்தார். இரண்டே ஆண்டுகளில் மண்ணின் நிறம் மாறியது. பூச்சிகள் குறைந்தன. தாய் காலத்தில் தோட்டத்தில் திரிந்த கவுதாரிகள் காணாமல் போயின. ஒன்பது நூற்றாண்டு உழவு தாங்கிய சரிவு, நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்ட ஓர் ஆலோசனையால் இரண்டு ஆண்டுகளில் ஊமையாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் பயோடைனமிக் வேளாண்மை பற்றிய ஒரு நூல் தற்செயலாக அவர் கையில் கிடைத்தது. 1980இல் நிலத்தின் ஒரு பகுதியில் சோதனை செய்தார். 1984 முதல் தோட்டம் முழுவதும் அந்த முறைக்கு மாறியது. களைக்கொல்லி நின்றது, செயற்கை உரம் நின்றது. குதிரை ஏர் திரும்பியது, மாடுகளும் ஆடுகளும் வந்தன. சாறு தன் சொந்த நொதியிலேயே புளிக்கவிடப்பட்டது. ஜோலி ஊர் ஊராகச் சென்று இந்த முறையைப் பரப்பினார், 1997இல் ஒரு நூல் எழுதினார், 2001இல் ஒத்த கருத்துள்ள ஒயின் உழவர்களின் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார். பின்னர் ஒயின் தயாரிப்பின் பொறுப்பை மகள் விர்ஜினி ஏற்றார்.

*

பயோடைனமிக் முறையின் மூலவர் ஆஸ்திரியரான ருடோல்ஃப் ஸ்டைனர். அவர் உழவர் அல்லர், மறைஞானி. இங்கேதான் இந்தப் பிரெஞ்சுச் சரிவின் கதைக்குள் எதிர்பாராமல் நம் அடையாறு நுழைகிறது.

1902இல் ஸ்டைனர் பிரம்மஞான சபையின் ஜெர்மானியப் பிரிவுக்குப் பொதுச்செயலாளர் ஆனார். சபையின் உலகத் தலைமையகம் சென்னை அடையாற்றில் இருந்தது. 1907இல் அன்னி பெசன்ட் அதன் தலைவரானார். 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டர் ஒரு சிறுவனைக் கண்டு, வரப்போகும் உலக ஆசானின் உடல் இவனே என்று அறிவித்தார். அச்சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவனை மையமாக வைத்து 1911இல் கீழ்த்திசை நட்சத்திர சங்கம் அமைக்கப்பட்டது. கிறிஸ்துவின் வருகை வரலாற்றில் ஒரேயொரு முறை நிகழ்ந்தது என்று கருதிய ஸ்டைனருக்கு இது ஏற்கமுடியாததாக இருந்தது. 1912 இறுதியில் அவரைப் பின்பற்றியவர்கள் ஆந்த்ரோபோசோபி சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அடையாறு ஜெர்மானியப் பிரிவின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. 1929இல் கிருஷ்ணமூர்த்தியே தன் பெயரால் அமைந்த சங்கத்தைக் கலைத்தார் என்பது நாம் அறிந்ததே. ஸ்டைனர் அதைப் பார்க்க உயிருடன் இல்லை.

1924 ஜூன் மாதம், இறப்பதற்கு ஒன்பது மாதங்கள் முன்பு, அன்றைய ஜெர்மனியின் கிழக்கில் கோபர்விட்ஸ் என்ற பண்ணையில் ஸ்டைனர் வேளாண்மை குறித்து எட்டு உரைகள் நிகழ்த்தினார். இன்று அந்த இடம் போலந்தில் இருக்கிறது. விதையும் கால்நடையும் வலுவிழந்து வருவதாக அஞ்சிய பண்ணையாளர்கள் கேட்டுக்கொண்டதால் நிகழ்ந்த உரைகள் அவை. முதல் உலகப் போரில் வெடிமருந்துக்குத் தேவையான நைட்ரஜனைத் தந்த தொழிற்சாலைகள் வயலுக்குச் செயற்கை உரம் தரத் தொடங்கியிருந்த காலம். ஸ்டைனர் சொன்ன மாற்று இது: பசுவின் கொம்பில் சாணத்தை நிரப்பிக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைக்க வேண்டும். வசந்தத்தில் எடுத்து, ஒரு கைப்பிடி அளவை நீரில் ஒரு மணி நேரம் இடமும் வலமுமாகச் சுழற்றிக் கலக்கி நிலத்தில் தெளிக்க வேண்டும். கொம்பு விண்ணின் ஆற்றல்களை ஈர்த்து மண்ணுக்குக் கொடுக்கிறது என்பது அவர் விளக்கம். 'கொம்பு சாண உரம்' என்ற பெயரில் நம் இயற்கை உழவர்களும் அறிந்த பொருள்தான்.

இந்த விளக்கத்தை நான் நம்பவில்லை. நம்புவதற்கான சான்றும் இல்லை. சுவிட்சர்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் ஒரு நீண்டகாலச் சோதனையின் 21 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளியாயின. இயற்கை முறையிலும் பயோடைனமிக் முறையிலும் விளைச்சல் சுமார் 20 சதவீதம் குறைவு, ஆனால் மண்ணின் உயிர்த்துடிப்பு தெளிவாக அதிகம் என்று அவை காட்டின. கலிபோர்னியாவின் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு, இயற்கை முறையோடு பயோடைனமிக் முறையை மட்டும் ஒப்பிட்டது. மண்ணின் தரத்தில் வேறுபாடு காணப்படவில்லை. அதாவது, நஞ்சை நிறுத்தியதும் தொழு உரம் இட்டதும் வேலை செய்திருக்கின்றன. கொம்பு தனியாக ஏதேனும் செய்தது என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை.

ஒயினைப் பற்றியும் ஒருமித்த புகழ் இல்லை. சில ஆண்டுகளின் கூலே த செரான் காலத்துக்கு முன்பே ஆக்சிஜனேறி முதுமை அடைந்துவிட்டது என்றும், புட்டிக்குப் புட்டி மாறுகிறது என்றும் விமர்சகர்கள் குறை கூறியிருக்கிறார்கள். அந்த மாறுபாட்டையே உயிரின் அடையாளம் என்று அன்பர்கள் கொண்டாடுகிறார்கள். விலை கொடுத்து வாங்கிப் பத்தாண்டு காத்திருந்தவருக்கு அந்த ஆறுதல் போதுமா என்பது வேறு கேள்வி.

*

அப்படியானால் ஒரு தவறான விளக்கம் சரியான செயலைத் தாங்கி நிற்க முடியுமா? இந்தத் தோட்டத்தின் வரலாறு முடியும் என்றே சொல்கிறது. 1977இன் ஆலோசகரிடம் அறிவியல் இருந்தது. நிலத்தை உற்றுப் பார்க்கும் கண் இல்லை. ஸ்டைனரின் வழிவந்தவர்களிடம் ஐயத்துக்குரிய பிரபஞ்சக் கோட்பாடு இருந்தது. ஆனால் அதன் சடங்குகள் உழவனை நிலத்துக்கு இழுத்துவந்தன. கொம்பைப் புதைக்க வேண்டுமானால் குழி தோண்டியாகவேண்டும். குழி தோண்டுபவன் மண்ணின் நிறத்தையும் புழுவையும் பார்க்காமல் இருக்க முடியாது. சிஸ்டெர்சியன்களின் வழிபாடும் அதே வேலையைத்தான் செய்திருக்கும்.

இருந்தும் விளக்கம் தவறாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. சிறப்பு முழுவதும் விண்ணுக்கோ பாறைக்கோ துறவிகளுக்கோ போய்விடுகிறது. செங்குத்துச் சரிவில் குதிரையின் பின்னால் நடப்பவருக்கும், மூன்று வாரம் முதுகு வளைத்துக் குலை குலையாகத் தேர்ந்து கொய்பவருக்கும், கணக்கில் எதுவும் எஞ்சுவதில்லை. மடாலயத்தில் பின்வரிசையில் நிறுத்தப்பட்ட அந்தத் துணைத் துறவிகள் ஒன்பது நூற்றாண்டு கழித்தும் அங்கேயே நிற்கிறார்கள். இருபது சதவீத விளைச்சலை இழந்தும் தாங்கி நிற்பது, புட்டிக்கு உயர்ந்த விலை பெறும் ஏழு ஹெக்டேருக்கு இயலும். சாதாரண உழவனுக்கு அது எளிதல்ல என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இப்போது புதிய கேள்வி ஒன்று வந்து நிற்கிறது. லுவார் பள்ளத்தாக்கு வெப்பமாகி வருகிறது. அறுவடை முன்கூட்டியே வருகிறது. பழத்தில் சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. முன்கூட்டியே துளிர்க்கும் கொடிகளை 2017இலும் 2021இலும் ஏப்ரல் மாத உறைபனி கருக்கியது. ஷெனானின் நீண்ட ஆயுள் அதன் புளிப்பில் இருக்கிறதென்றால், மிரட்டப்படுவது அந்த ஆயுளே. எந்த நாளில் கொய்வது, எந்த நிழலைக் காப்பது என்பவற்றுக்கான விடை தோட்டத்தில் தினமும் நடப்பவர்களிடமிருந்துதான் வரவேண்டும்.

இந்த ஆண்டு அங்கே கொய்யப்படும் ஒயின் 2050களில் திறக்கப்படலாம். அப்போது யாரோ ஒருவர் முந்தைய நாளே தக்கையை உருவிவைத்துக் காத்திருப்பார். கொய்த கைகளின் பெயர் புட்டியின்மேல் அப்போதும் இருக்காது. கோப்பையில் அவருக்குக் கிடைக்கப்போவது அவர்களின் உழைப்புதான்.